பழிச்சொல்லும் பந்தியும்

1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அதே ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் வள்ளலாரின் பாடல்களான திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சாயின. வள்ளலார்மீது வசை பொழிய அந்த நூலே காரணமாயிற்று.

தம் காலத்தில் வாழும் ஒருவருடைய பாட்டை அருட்பா என்றும் திருமுறை என்றும் அழைக்கலாமா என்று சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் தரப்பு கேட்டது. கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் வாதம் வெகுசீக்கிரம் பாட்டை விட்டு ஆள்மேல் பாய்ந்தது. அருட்பா மருட்பா ஆனது. பாடியவர் போலி ஆனார். வள்ளலாரின் அன்பர்களும் சளைக்கவில்லை. கண்டனத்துக்குக் கண்டனம் அச்சேறியது. 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறியது. இருவரும் மறைந்த பின்னும் ஓயாமல், கதிரைவேற்பிள்ளை, மறைமலையடிகள் காலம்வரை மேடையேறியது.

இவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் தருமச்சாலையில் பந்தி நடந்தது. சாதி கேட்காமல், சமயம் கேட்காமல் இலை போட்டார்கள். 1872 ஜனவரியில் சத்திய ஞான சபையும் எழுந்தது.

வள்ளலாருக்கு வலிக்கவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பிற உயிரின் வாட்டம் தாங்காத மனசுக்குத் தன்மேல் விழுந்த சொல் மட்டும் உறைக்காமல் இருந்திருக்குமா? உறைத்திருக்கும். ஆனால் பசியோடு வந்து உட்கார்ந்தவருக்கு அருட்பாவா மருட்பாவா என்ற வழக்கு முடியும்வரை பொறுக்க முடியாது. ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்று நம்பியவருக்கு அடுத்த வேளைச் சோறுதான் முதல் வேலை. அந்த வேலையின் முன்னால் 'நான்' சிறுத்துவிடுகிறது. 'நான்' சிறுக்கச் சிறுக்க வசைக்கு இடம் குறைகிறது. ஆன்மிகம் ஒருவருக்குத் தரும் பலம் இதுதான் என்று நம்புகிறோம்.

நாவலரைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவியவர். பழந்தமிழ் நூல்களைப் பிழையறப் பதிப்பித்தவர். அவரை இன்று நாம் வணங்குவதும் அந்தப் பணிகளுக்காகத்தான். இரு தரப்புக் கண்டனங்களையும் இன்று ஆய்வாளர்கள் மட்டுமே புரட்டுகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவரிடம் போய்ப் பொறுமையை உபதேசிப்பது ஆன்மிகமாகாது. அங்கே எதிர்த்து நிற்பதே தர்மம். சாதி வேற்றுமையைக் கடைசிவரை கண்டித்த வள்ளலாரும் அதற்குச் சாட்சி. நாம் பேசுவது புண்பட்ட அகந்தையைப் பற்றி. ஒரு கடுமையான மதிப்புரை, ஒரு முன்னுரையில் விடுபட்ட பெயர், ஒரு மேடையில் கிடைக்காத நாற்காலி - இவற்றுக்காக எழுதாமல் போன கதைகளும் பாதியில் நின்ற மொழிபெயர்ப்புகளும் சிற்றிதழ் உலகில் கொஞ்சமல்ல. நண்பர்கள் பிரிந்தார்கள், இதழ்கள் நின்றன.

படைப்பின் மீதான விமர்சனம் எவ்வளவு காரமாக இருந்தாலும் இந்த இதழ் வெளியிடும். கருத்துக்கு மறுப்பும் வெளியாகும். ஆளை ஏசும் கடிதங்களுக்கும், அவற்றுக்கு வரும் பதில்களுக்கும் இங்கே பக்கம் கிடையாது. எங்கள் மேல் வரும் ஏச்சுக்கும் இதே விதிதான். மிச்சமாகும் பக்கங்களைப் புதிதாக எழுத வருகிறவர்களுக்குத் தருகிறோம். அனுப்புங்கள்.