புகையிலை வரி அரசுக்கு, புற்றுநோய் நமக்கா?

திரையரங்கில் படம் தொடங்கும் முன் புகையிலை எச்சரிக்கை ஓடுகிறது. பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் 2016 முதல் நோயின் படம் அச்சிடப்படுகிறது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். நம் நாட்டில் புகையிலைக் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் இவைதான். பயமுறுத்துவது, தடை போடுவது, தண்டம் வசூலிப்பது. இவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2009-10 இல் இந்தியாவில் 15 வயதைத் தாண்டியவர்களில் 34.6 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17 இல் அது 28.6 சதவீதமாகக் குறைந்தது. பலன் இருக்கிறது.

நம் கேள்வி, இன்னும் மிச்சமிருப்பவர்கள் யார் என்பதுதான். தேசியக் குடும்ப நல ஆய்வுகளைப் புரட்டினால் பதில் கிடைக்கும். புகையிலைப் பயன்பாட்டில் பழங்குடியினர் முதலிடத்தில் இருக்கிறார்கள். அடுத்து பட்டியல் சாதியினர். வறுமை கூடக் கூட, பள்ளிப்படிப்பு குறையக் குறைய, புகையிலை கூடுகிறது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்கு. அதன் பெரும்பங்கு யார் வீட்டில் விழுகிறது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

'அவங்க பழக்கம் அப்படி' என்று ஊர் சொல்லும். இதுவே ஒரு சாதிப் பேச்சுதான். மலக்குழியிலும் சாக்கடையிலும் இறக்கப்படும் தொழிலாளி, அந்த நாற்றத்தைத் தாங்க வாயில் புகையிலையை அடக்கிக்கொள்கிறார். நிக்கோடின் பசியை மட்டுப்படுத்தும். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் மதியச் சோறு தள்ளிப்போகும்போது ஹான்ஸ் பாக்கெட்டுதான் கைகொடுக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 1993 இலும் 2013 இலும் இரண்டு சட்டங்கள் போட்டுத் தடை செய்தும் சாவுகள் நிற்கவில்லை. வேலையை மாற்றாமல், அந்த வேலையைத் தாங்கப் பயன்படும் பொருளை மட்டும் விடச் சொல்வது உபதேசம். அதற்குப் பெயர் பொதுச் சுகாதாரம் அல்ல.

பணத்தைப் பார்ப்போம். புகையிலையால் வரும் நோய்க்கும் அகால மரணத்துக்கும் 2017-18 இல் இந்தியா கொடுத்த விலை 1,77,341 கோடி ரூபாய் என்று உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. புகையிலை மீதான கலால் வரியாக அரசுக்கு வந்தது இந்த இழப்பில் 12.2 சதவீதம் மட்டுமே. இன்னொரு பக்கம், எல்ஐசி போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் ஐடிசியில் பெரும் பங்கு வைத்திருக்கின்றன. சிகரெட் விற்றால் வரியும் வரும், ஈவுத்தொகையும் வரும். எச்சரிக்கை மட்டும் நமக்கு.

பீடியின் கதை இன்னும் கொடுமை. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுக்கப் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுக்கான மருத்துவம், பிள்ளைகளின் கல்வி உதவி, வீடு ஆகியவற்றுக்காகவே 1976 இல் ஒரு தனித் தீர்வை கொண்டுவரப்பட்டது. 2017 இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை ஒழிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் பீடிக்கான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. பீடி வரியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தொழிலாளியின் பெயர்தான் முன்னால் நிறுத்தப்படுகிறது. ஆனால் அந்தத் தொழிலாளிக்கென்றே இருந்த தனி நிதி போய்விட்டது. மலிவான பீடியைக் குடிப்பவரும் ஏழை, சுற்றுபவரும் ஏழை.

தடையின் கதியும் நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை. தடையை மீறி விற்க அமைச்சர், காவல்துறை உயரதிகாரிகள் மட்டம் வரை லஞ்சம் போனதாக எழுந்த வழக்கு சிபிஐ விசாரணை வரை சென்றது. தெருவில் அன்றாடம் பிடிபடுவது பெட்டிக்கடைக்காரர்தான்.

அப்படியென்றால் என்ன செய்வது? பணத்தையும் அதிகாரத்தையும் பாதிக்கப்படும் மக்களிடமே கொடுக்க வேண்டும். இது வெறும் ஆசை அல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி வெறும் கண்ணால் பரிசோதித்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்ல. 2005 இல் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பயன்படுத்துபவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் சுமார் 34 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குத் தேவைப்பட்டது பயிற்சியும் சம்பளமும் வீட்டு வாசலுக்குப் போகும் கால்களும்தான்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடமும் பாடம் இருக்கிறது. 1990 இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் 'அப்டவுன்' என்ற மெந்தால் சிகரெட்டைக் கறுப்பின மக்களைக் குறிவைத்து ஃபிலடெல்பியாவில் இறக்கத் திட்டமிட்டது. அந்த மக்களின் தேவாலயங்களும் அமைப்புகளும் திரண்டன. சந்தைக்கு வருமுன்பே நிறுவனம் பின்வாங்கியது. கலிபோர்னியாவில் 1988 இல் மக்கள் வாக்களித்து சிகரெட் பாக்கெட்டுக்கு 25 சென்ட் வரி கூட்டினார்கள். அந்த வருவாயில் 20 சதவீதம் சுகாதாரக் கல்விக்கு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர், பூர்வகுடிகள் ஆகியோரின் அமைப்புகளுக்கும் அந்தத் திட்டத்தில் நிதி கிடைத்தது.

நம்மிடமும் வழிகள் உள்ளன. பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாடு 2024 இல் சட்டமே இயற்றியிருக்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து தருகிறது. அதே கைகள் வாயையும் பரிசோதிக்கலாம். புகையிலையை விட உதவும் நிக்கோடின் கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தூய்மைப் பணியாளர் சங்கம், பீடித் தொழிலாளர் சங்கம், மகளிர் குழு, இளைஞர் மன்றம் ஆகியவற்றிலிருந்து ஆட்களை எடுத்து, ஊக்கத்தொகை என்று ஏய்க்காமல் ஊதியம் தர வேண்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இந்தப் பணம் மாணவர் உதவித்தொகையிலோ விடுதி நிதியிலோ வெட்டி எடுத்ததாக இருக்கக் கூடாது. துணைத்திட்ட நிதி திசைமாறிப் போவதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறோம். புகையிலை வருவாயிலிருந்து கூடுதல் ஒதுக்கீடாகத்தான் இது வர வேண்டும். இரண்டு, சமூகப் பொறுப்பு நிதி என்ற பெயரில் புகையிலை நிறுவனத்தின் காசு ஒரு பைசாகூட இதற்குள் நுழையக் கூடாது.

'தனியாகத் திட்டம் போட்டால் சேரி மக்கள்தான் புகையிலை போடுகிறார்கள் என்று முத்திரை விழாதா?' என்று நம் தோழர்களே கேட்பார்கள். நியாயமான அச்சம். ஆனால் கணக்கை மறைத்துவிட்டால் முத்திரை போய்விடாது, சாவுதான் மறைக்கப்படும். முத்திரை குத்துவது வெளியிலிருந்து வந்து விரல் நீட்டும் பிரச்சாரம். தெருவில் பிறந்த பெண்ணே ஊதியம் பெற்றுத் தன் சித்தப்பாவின் வாயில் வெள்ளைப் படலத்தைப் பார்த்து, கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப்போனால் அங்கே களங்கத்துக்கு இடமில்லை. அந்தச் சித்தப்பாவுக்குக் கையுறையும் முகக்கவசமும் இயந்திரமும் கேட்டு அதே பெண் நகராட்சி வாசலில் நிற்கவும் செய்வாள்.

கல்வி, நிலம், வேலைவாய்ப்பு என்று நாம் பங்கு கேட்கிறோம். சுகாதாரத்திலும் பங்கு கேட்போம். அடுத்த கிராமசபைக்குப் போங்கள். நம் ஊரில் வாய்ப் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது, இந்த ஆண்டு புகையிலைத் தடுப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் நம் தெருவுக்கு எவ்வளவு வந்தது என்ற மூன்று கேள்விகளையும் எழுப்பி, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.