கிணறு யாருடையது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் சுண்ணக்கற்பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்கி நிற்கிறது. அதையே நாம் கிணற்றில் அள்ளுகிறோம். ஆகவே இங்கு நிலம் கெட்டால் நீரும் கெடும்.

சுன்னாகத்தில் நடந்தது இதுவே. மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததைக் கண்டித்து 2015 இல் மக்கள் வீதியில் இறங்கினர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் கெட்ட நிலத்தைத் திருத்தி மக்களிடம் ஒப்படைக்கும் பணி பணத்தோடு முடிவதில்லை. அம்மக்கள் யார் என்பதை முதலில் அறிய வேண்டும்.

எமது காணி உறுதிகளைப் பாருங்கள். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். ஒரு தோட்டக் கிணற்றில் பலர் முறைவைத்து இறைப்பர். சீதனமாக மகளுக்குப் போன பங்கும் உண்டு. உரிமையாளர் கனடாவில் இருக்க, குத்தகைக்காரர் இங்கு மிளகாய்க்கு நீர் பாய்ச்சுவார். உறுதியில் பெயரே இல்லாமல் அயலார் கிணற்றை நம்பி வாழும் குடும்பங்களும் உள்ளன. இன்னார் இன்ன கிணற்றில் அள்ளக்கூடாது என்று சாதி வகுத்த தடைகளின் தழும்பு இன்னும் முற்றாக ஆறவில்லை. உறுதிக்காரரை மட்டும் பதியும் கணக்கெடுப்பில் மிகவும் பாதிக்கப்பட்டவரே விடுபடுவார்.

எனவே திட்டம் தீட்டுவோரிடம் நான்கு விடயங்களைக் கேட்கிறோம். கிணற்றுக்குச் சொந்தக்காரரை அல்ல, அதில் அள்ளுவோரை எண்ணுங்கள். நீரின் மணமும் நிறமும் மாறுவதை முதலில் அறிபவர்கள் பெண்கள்; அவர்களைக் கேட்டு எழுதுங்கள். பரிசோதனை முடிவுகளை எளிய தமிழில் ஊருக்கு அறிவியுங்கள். குடிநீர்த் தாங்கியை எவரும் தயங்காது வரக்கூடிய இடத்தில் வையுங்கள்.

வடமராட்சியில் வாழும் எமக்கு இது அயலூர்க் கதையன்று. வல்வெட்டித்துறையின் கிணறுகளும் சுண்ணக்கல்லில் தோண்டியவையே. கல்லின் வெடிப்புகள் வழியே ஓடும் நீருக்கு வேலி தெரியாது. எங்கள் ஊரில் எந்தக் கிணற்றை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்பதை, கேடு வருமுன் நாமே எழுதி வைப்போம்.