ஈன்றவளும் வளர்த்தவளும்

சூரிய கிரகண புண்ணிய காலத்தில் நீராடுவதற்காக, துவாரகையிலிருந்து யாதவர்களும் கோகுலத்திலிருந்து ஆயர்களும் குருக்ஷேத்திரத்தில் வந்து கூடினர் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். தேவகியும் யசோதையும் சந்தித்தது அங்கேதான். ஈன்ற மகனின் மழலையைக் கேட்கும் பேறு தேவகிக்குக் கிட்டவில்லை. அதைக் கேட்டு மகிழ்ந்த யசோதையோ, அவன் மதுராபுரிக்குச் சென்றபின் வெறுமையான வீட்டில் வாழ்ந்தாள். மனம் கசக்க இருவருக்குமே காரணம் உண்டு. ஆயினும் தேவகியும் ரோகிணியும் யசோதையைத் தழுவிக் கண்ணீர் மல்கினர். கண்ணை இமை காப்பதுபோல் தம் பிள்ளைகளைக் காத்த அவளது நட்புக்குக் கைம்மாறே இல்லை என்று போற்றினர்.

அந்தத் தழுவல் எளிதன்று என்பதைச் செட்டிநாட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவர். பிள்ளையில்லாத வீட்டுக்குச் சுவீகாரப் பிள்ளை கொண்டுவருவது நகரத்தாரிடையே நெடுநாளைய மரபு. ஒன்பது நகரக் கோவில்களுள் தாம் எந்தக் கோவிலைச் சேர்ந்தவரோ, அந்தக் கோவில் பங்காளிகளுக்குள்ளேயே பிள்ளை எடுப்பது வழக்கம். ஆகவே கொடுத்த தாயும் கொண்ட தாயும் பிரிந்து வாழ்ந்துவிட முடிவதில்லை. படைப்பிலும் திருமணத்திலும் அறுபதாம் கல்யாணத்திலும் இருவரும் எதிர்ப்பட்டே ஆகவேண்டும். 'பிள்ளை இளைத்திருக்கிறானே' என்று ஈன்றவள் வாஞ்சையோடு சொன்னாலும், வளர்ப்பவள் செவியில் அது குறையாக விழும். வளர்ப்பவள் பிள்ளையை அழைத்துக்கொண்டு சற்று முன்னதாகப் புறப்பட்டாலும், ஈன்றவளுக்கு அது அவமதிப்பாகத் தோன்றும். ஒருத்திக்குப் பிள்ளை திரும்பிப் போய்விடுவானோ என்ற அச்சம். மற்றவளுக்குத் தன்னை மறந்துவிடுவானோ என்ற ஏக்கம். உடன்பிறந்தாரைப் போலப் பழகியவர்கள்கூட இவ்வாறு பேச்சற்றுப் போவதுண்டு.

'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதிய கவியரசு கண்ணதாசனும் இவ்வாறு இரு வீட்டுப் பிள்ளையே. 1927இல் சிறுகூடல்பட்டியில் சாத்தப்பச் செட்டியாருக்கும் விசாலாட்சி ஆச்சிக்கும் பிறந்த முத்தையா அவர். இளம் வயதிலேயே 7,000 ரூபாய்க்குக் காரைக்குடிச் சிகப்பி ஆச்சியின் இல்லத்துக்குச் சுவீகாரம் சென்று, நாராயணன் என்ற பெயரோடு வளர்ந்தார். பிறந்த வீடு ஒரு பெயரும் புகுந்த வீடு ஒரு பெயரும் இட, இரண்டையும் சுமந்தது ஒரே குழந்தை.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடுத்தது. முறையாக நிகழ்ந்த தத்தை இரு தரப்பில் எவரும் ரத்து செய்ய முடியாது என்றும் விதித்தது. ஆகவே வளர்க்கும் தாய் அஞ்ச வேண்டியதில்லை. பிறந்த குடும்பத்தோடு உள்ள உறவு அற்றுவிடுவதாகக் கூறும் அதே சட்டம், திருமணத்துக்கு மட்டும் பழைய உறவுமுறையை அப்படியே நிறுத்திவைத்திருக்கிறது. பிறந்த குடும்பத்தில் யாரை மணக்கலாகாதோ, அவரை இப்போதும் மணக்கலாகாது. ஈன்ற வயிற்றைச் சட்டமும் முற்றாக மறக்கவில்லை.

காரைக்குடிக்கு அருகே குன்றக்குடி மலைமீது ஆறு திருமுகங்களோடு மயிலேறி வீற்றிருக்கிறான் சண்முகநாதன். சரவணப் பொய்கையில் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்களின் பெயரால் அவன் கார்த்திகேயன் ஆனான். உமையம்மை அதற்கு வருந்தவில்லை. கார்த்திகை நாள் இன்றும் அவனுக்கு உகந்த விரத நாளாக விளங்குகிறது.

இத்தகைய குடும்பங்களில் மூத்தோர் செய்யத்தக்க கடமை ஒன்றுண்டு. 'உனக்கு எந்த அம்மாவைப் பிடிக்கும்?' என்று குழந்தையிடம் விளையாட்டாகவும் வினவலாகாது. பிள்ளையின் திருமணத்தில் தாய்க்குரிய சடங்கை வளர்த்தவளே நிறைவேற்றட்டும். ஈன்றவளையும் கைப்பிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்தட்டும். இருவரையும் வணங்கி எழும் பிள்ளை எவரிடமிருந்தும் எதையும் பறித்தவனாகான்.