ஒரு எழுத்து மாறினால் கடையே கை மாறும்!
வெப்சைட் பெயர் வாங்கும் வியாபாரிகள் கவனத்துக்கு

சென்னை-

கடைக்குப் பெயர் வைக்க ஜோசியர் வீட்டு வாசலில் கால் கடுக்க நிற்பவர்கள்கூட, அதே கடைக்கு வெப்சைட் பெயர் வாங்கும் வேலையை மட்டும் "பையன் பார்த்துக்குவான்" என்று விட்டுவிடுகிறார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

டொமைன் என்று சொல்லப்படும் இந்தப் பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். அதிகபட்சம் 10 வருடத்துக்குப் பதிந்து வைக்கலாம். அதற்கு மேல் புதுப்பிக்க வேண்டும். "டாட் காம்" என்றால் அமெரிக்காவின் வெரிசைன் கம்பெனி பேரேட்டில் ஏறும். "டாட் இன்" என்றால் "நிக்சி" எனப்படும் நம் நாட்டு அமைப்பின் பேரேடு. பந்திக்கு முந்தியவருக்கே இலை! இந்தப் பெயரில் உனக்கு என்ன பாத்தியதை என்று பதியும்போது யாரும் கேட்பதில்லை.

இடையில் புகுந்த "எஃப்"

சென்னை தரமணி டைடல் பார்க்கில் இருக்கிறதே சிஃபி கம்பெனி, அதற்கே இந்தத் தலைவலி வந்தது. அப்போது அதன் பெயர் சத்யம் இன்போவே. பெயரைச் சுருக்கி "சிஃபி" என்று அகராதியில் இல்லாத ஒரு சொல்லை உண்டாக்கி, 1999-லேயே பதிவும் செய்தது. 2001-ல் வேறொரு கம்பெனி வந்தது. ஆங்கிலத்தில் ஒரு "எஃப்" எழுத்தைக் கூடுதலாகப் போட்டு "சிஃபிநெட்" என்று பதிந்துகொண்டது. காதால் கேட்டால் இரண்டும் ஒன்றேதான்!

பெங்களூர் சிவில் கோர்ட்டு தடை விதித்தது. கர்நாடக ஐகோர்ட்டு அந்தத் தடையை நீக்கியது. கடைசியில் 2004 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, டொமைன் பெயரும் வியாபாரப் பெயர் மாதிரிதான், அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சத்யம் பக்கம் தீர்ப்பு சொன்னது.

பெரிய கம்பெனி, டெல்லி வரை போனது. ரங்கநாதன் தெரு பாத்திரக் கடைக்காரர் போக முடியுமா?

தமிழ்ப் பெயருக்கு ஆபத்து அதிகம்

ஆங்கிலப் பெயரைவிட தமிழ்ப் பெயருக்குத்தான் சிக்கல் ஜாஸ்தி. "பழம்" என்று எழுத ஒருவர் "இசட்-எச்" போடுவார். இன்னொருவருக்கு வெறும் "எல்" போதும். "தங்கம்" என்றால் ஒற்றை "டி"யா, கூடவே "எச்"சா? லட்சுமியைக் கேட்கவே வேண்டாம். சிலர் "எக்ஸ்" போடுவார்கள், சிலர் "கே-எஸ்-எச்" போடுவார்கள். முன்னால் ஒரு "ஸ்ரீ" வேறு! "ஸ்ரீ லட்சுமி தங்க மாளிகை" என்பதை ஒரு டஜன் விதமாக எழுதலாம். ஒரே கடையில் போர்டில் ஒரு விதம், பில்லில் ஒரு விதம் என்று இருப்பதும் உண்டு.

வாடிக்கையாளர் எதைத் தட்டுவார்? அவர் தட்டிய எழுத்தில் மோசடிப் பேர்வழி உட்கார்ந்திருந்தால் அட்வான்ஸ் பணம் அவன் கணக்குக்குப் போகும். திட்டு மட்டும் கடைக்கு வரும்.

அதனால் பெயர் சின்னதாக இருக்கட்டும். போனில் ஒருமுறை சொன்னால், எதிரே இருப்பவர் திருப்பிக் கேட்காமல் சரியாக எழுத வேண்டும். இடையில் கோடு வேண்டாம். ஜனங்கள் வழக்கமாக எழுதும் இரண்டு மூன்று விதங்களையும் சேர்த்தே எடுத்துவிடலாம். ".இந்தியா" என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரியும் கிடைக்கிறது. ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிய கைகளை நம்பி அதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

பேங்குகளே இந்தப் போலி முகவரித் தொல்லைக்குத் தப்பவில்லை. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு முடிவு எடுத்தது. பேங்குகள் "பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும், அக்டோபர் 31-க்குள் வேலை முடிய வேண்டும் என்று கெடு வைத்தது. அந்த முகவரி பேங்குகளுக்கு மட்டும்தான். ஜவுளிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் இப்படித் தனி வேலி எதுவும் கிடையாது.

யார் பெயரில்?

வெப்சைட் செய்து தருபவரே தன் பெயரில், தன் ஈமெயிலில் டொமைனைப் பதிந்து கொள்வதும் நடக்கிறது. காசு கொடுத்தவர் கடைக்காரர், பேரேட்டில் இருப்பவர் வேறு ஆள்! சம்பளப் பாக்கியில் சண்டை வந்தால் பூட்டும் சாவியும் அவர் கையில். பதிவு கடைக்காரர் பெயரில், அவர் சொந்த ஈமெயில், போன் நம்பரோடு இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது நல்லது.

கெடு தவறினாலும் ஆபத்து. டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால், பழைய ஆள் அபராதம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதுவும் போனால் ஐந்து நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

டாட் இன் பெயரை வேறொருவர் அபகரித்தால் கோர்ட்டுக்குப் போகாமலே நிக்சியிடம் புகார் கொடுக்க வழி உண்டு. நடுவர் விசாரிப்பார். பெயர் தன்னுடையது மாதிரியே இருக்கிறது, எதிராளிக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்கிறார் என்று காட்ட வேண்டும். டிரேடு மார்க் சான்றிதழ், பழைய பில் புக், விளம்பர நோட்டீசு எல்லாம் பீரோவில் இருந்தால் அப்போது கை கொடுக்கும்.