கெடு எந்த நாளிலிருந்து?

வயல் வழக்கில் பத்தாண்டு கழித்து வரும் தீர்ப்புகூட நிலத்தை மீட்டுத் தரும். மேகமலையில் சாய்த்துவிட்ட மரத்தை எந்தத் தீர்ப்பும் நிமிர்த்தாது. அதனால் காடு தொடர்பான வழக்கின் உயிர் இடைக்காலத் தடையில்தான் இருக்கிறது.

அமெரிக்கா 1995-இல் அந்த உயிரிலேயே கை வைத்தது. தேசிய வனங்களில் பட்டுப்போன மரங்களை விரைந்து விற்க, செலவுக் குறைப்புச் சட்டம் ஒன்றில் ஒரு பிரிவைச் செருகினார்கள். விற்பனை விளம்பரம் வந்த 15 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். விசாரணையின்போது நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கக் கூடாது. அந்த ஏற்பாடு 1996 டிசம்பரில் காலாவதியானது. அதே மாதம் 12-ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றம், கூடலூர்க் காடுகளுக்காக நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், தமிழ்நாட்டு வனப்பகுதிகளில் மரம் வெட்டத் தடை விதித்தது. தேயிலை, காபி, ஏலத் தோட்டங்களின் நிழல் மரங்களில்கூட, நட்டு வளர்த்தவற்றை மட்டுமே குழுவின் மேற்பார்வையில் வெட்டலாம். தானாக முளைத்தவற்றைத் தொடக் கூடாது. போடி மலைத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும்.

2010-இல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் கெடு விதித்தது. வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் ஆணையை எதிர்த்து 30 நாளில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டமோ தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலிலேயே இல்லை. அதன்கீழ் நடக்கும் மர விற்பனையை எதிர்க்கத் தேனிக்காரர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையைத்தான் நாட வேண்டும்.

கெடுவே கூடாது என்பதல்ல என் வாதம். பரவிக் கிடக்கும் அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றமே வலியுறுத்தியிருக்கிறது. அதை வழக்குகளால் இழுத்தடித்தால் கெடுவது சோலைதான். ஆனால், கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது? பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2011-இல் தந்த சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான்சோலைப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைக் கணக்கில் கொள்ளாதது காரணங்களில் ஒன்று. ஆங்கிலக் கோப்புக்குள் கிடக்கும் இத்தகைய பிழையை மலையடிவார ஊர் ஒன்று 30 நாளில் கண்டுபிடித்து, வழக்கறிஞர் பிடித்து, சென்னையில் மனுப்போட முடியுமா?

ஆணையின் தமிழ்ப்படி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட்ட நாளிலிருந்தே கெடு எண்ணப்பட வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை அந்த வன நிலத்தில் ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது. இந்த இரண்டாவதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். மாநில அரசின் ஓர் ஆணை போதும்.