இடியப்பம் பிழிகிறவளுக்கு ஏது சம்பளப் பட்டியல்?

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தைத் தளர்த்தி, ஹோட்டல்களில் பெண்களை இரவிலும் வேலைக்கு அமர்த்தலாம் என்ற பேச்சு எழுந்தால் போதும், நம் கிழக்குக் கரையோரத்தில் உடனே இரண்டு கட்சி. ஒரு கட்சி பெண்ணை ‘உள்வாங்க’ வேண்டும் என்கிறது. மற்றக் கட்சி கலாசாரம் கெட்டுவிடும் என்கிறது. கல்முனைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைத் தொழிலில் இன்றுவரை பெண்ணே இல்லை என்ற பொய்யில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை.

மருதமுனையிலோ நிந்தவூரிலோ சுபஹுத் தொழுகைக்கு முன் ஓர் ஒழுங்கைக்குள் நடந்து பாருங்கள். குசினியில் வெளிச்சம் தெரியும். உள்ளே இடியப்பம் பிழிபடும், பிட்டு அவியும். விடிவதற்குள் மகன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பிரதான வீதிக் கடைக்கு ஓடுவான். முதலாளி எண்ணி எடுப்பார். மழையில் வியாபாரம் படுத்துவிட்டால், விற்காதது அதே பெட்டியில் வீட்டுக்குத் திரும்பும். மா, தேங்காய், விறகு எல்லாம் அவள் காசு, நட்டமும் அவளுக்கே. இது இரவு வேலை இல்லாமல் வேறென்ன?

இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள். ஆண்களில் ஏறத்தாழ 70 பேர். கணக்கெடுக்க வருகிறவரிடம் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? “அவ வீட்டில சும்மாதான் இரிக்கா.” விடிய மூன்று மணிக்கு எழும்பிய மனுசி அந்த 32 க்குள்ளும் வராமல் போய்விடுகிறாள்.

கொத்து போடும் தம்பிக்கு ஊழியர் சேமலாப நிதியில் முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதியத்தில் 3 வீதம் கட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டாமல் சமாளிக்கும் கடைகள் இருக்கின்றன, அது வேறு கதை. இடியப்பக்காரிக்கு அந்த உரிமைகூட எழுத்தில் இல்லை. “அவர் ஊழியரல்ல, சப்ளையர்” என்பார்கள் சட்டத்தரணிகள். நீதிமன்றத்துக்கு நல்ல வாதம், மனச்சாட்சிக்கு ஆகாது.

கலாசாரக் காவலருக்கு நீண்ட பதில் தேவையில்லை. இதே ஊர்களிலிருந்து நம் ராத்தாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் போய், அந்நியர் வீட்டுக் குசினியில் நடுச்சாமம் வரை நின்றபோது இவர்கள் எங்கே போனார்கள்? டொலருக்குத் தட்டுப்பாடு வந்த 2022 இல் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் வயதெல்லையை அரசு 21 ஆகக் குறைத்தது. அன்று எந்த மேடை அதிர்ந்தது? றியாத்தில் சமைத்தால் ரிசிக், கல்முனையில் சமைத்தால் மானக்கேடா?

வடக்கைப் பாருங்கள். மாகாண விவசாயத் திணைக்களத்தின் ‘அம்மாச்சி’ உணவகங்களில் சமைப்பதும் விற்பதும் காசு வாங்குவதும் பெண்களே. தெற்கில் இதே மாதிரி உணவகங்களுக்கு உள்ள ‘ஹெல போஜுன்’ பெயரைச் சூட்ட வேண்டும் என்று கொழும்பு பிடிவாதம் பிடித்தும், பொ. ஐங்கரநேசன் விவசாய அமைச்சராக இருந்த காலத்து மாகாண சபை ‘அம்மாச்சி’யை விடவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் போய் நின்றால், தோசையும் பிட்டும் கண்ணெதிரே வேகும். காசு சமைத்தவள் கையில் விழும். பள்ளி மாணவன் முதல் பேராசிரியர் வரை வரிசையில் நிற்கிறார்கள். யாருடைய மானமும் போனதாகத் தெரியவில்லை.

கண்ணெதிரே வேகுவது என்பது நமக்குச் சின்ன விடயமல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை என்று வதந்தி கிளப்பி, கடையை உடைத்து, பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி நம் அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. மூன்று சமூகத்துப் பெண்களும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் சமைக்கும் ஒரு கூடம் அன்று அந்த நகரில் இருந்திருந்தால், அந்த வதந்தி ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருந்திருக்காது.

கல்முனை மாநகர சபை பிரதான வீதியில் பத்துக் கடைகளைச் சமைக்கும் பெண்களின் பெயரிலேயே எழுதிக் கொடுக்கட்டும். புருசன் பெயரிலோ மகன் பெயரிலோ வேண்டாம். அதுவரை, முதலாளிமாரே, விற்காத இடியப்பத்தைத் திருப்பி அனுப்புவதையாவது நிறுத்துங்கள்.