துடைத்துவிட்டு வைத்திருக்கக் கூடாதா?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

இந்த ஆண்டு நம் கல்லூரி அறிவியல் கண்காட்சியில் நான் வைத்திருந்த மாதிரி ரயில் எஞ்சினைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்களில் பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இதைக் கொஞ்சம் துடைத்துவிட்டு வைத்திருக்கக் கூடாதா?" மதிப்பெண் போட வந்த நடுவர் ஒருவரும் அதையே கேட்டார். 'தூய்மையும் தோற்றமும்' என்ற கட்டத்தில் பத்துக்கு இரண்டு போட்டார். நான் எழுத வந்தது அந்த இரண்டைப் பற்றியல்ல, அந்தக் கேள்வியைப் பற்றி. இரண்டு போட்டதிலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு என்பதை மறைப்பானேன்?

நான் செய்தது நீலகிரி மலை ரயிலின் 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சின். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் கட்டப்பட்டு, 1914 முதல் இங்கு வந்து சேர்ந்த வகை. இதை நான் நேரோகேஜ் என்று அட்டையில் எழுதியதற்கு ஒரு நண்பர் சண்டைக்கே வந்துவிட்டார். நம் ரயில்வே கணக்கில் இது மீட்டர்கேஜ்தான். ஆனால் 1435 மில்லிமீட்டருக்குக் குறைந்த பாதை எல்லாவற்றையும் உலகம் நேரோகேஜ் என்றே சொல்லுகிறது.

புதுவை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய பொம்மை ரயில்தான் மூலப்பொருள். அதற்குப் பின்னால் கரிவண்டி ஒன்று மாட்டியிருந்தது. எக்ஸ் எஞ்சின் தண்ணீரைத் தன் விலாவிலேயே சுமப்பது. ஆகவே வண்டியைக் கழற்றிவிட்டு, பிஸ்கட் டப்பாத் தகரத்தில் இருபுறமும் தொட்டி கட்டினேன். பொம்மைக்குப் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர்தான். எக்ஸுக்கோ ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வேண்டும். கீழ்ச்சிலிண்டர் சக்கரங்களை ஓட்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டுக்கு ஒன்று என்று நிமிரும்போது, அங்கே வேலை முடித்த நீராவி மேல்சிலிண்டருக்குப் போய், தண்டவாள நடுவிலுள்ள பற்சட்டத்தைக் கவ்வும் பற்சக்கரத்தைச் சுழற்றும். பால்பாயிண்ட் பேனாக் குழாயை வெட்டி மேல்சிலிண்டர் செய்தேன். பழைய கடிகாரத்தின் சக்கரம் பற்சக்கரமாயிற்று. அளவுக்கு அளவு சரி என்று சாதிக்க மாட்டேன்.

இதுவரை யாருக்கும் குறையில்லை. பிறகு அதை உழைத்த எஞ்சினாகக் காட்ட முனைந்தேன். அங்கேதான் வம்பு.

எங்கள் எக்கியார்குப்பத்தில் துருவுக்குப் பஞ்சமா? மரக்காணம் உப்பளத்து வரப்பில் கிடந்த பம்பு இரும்பைச் சுரண்டி, பொடியாக்கி, பெவிக்கால் தண்ணீரில் குழைத்து எஞ்சின் முழுவதும் அப்பினேன். இரண்டாம் நாள் அது வியர்த்தது! உப்பளத்துத் துருவில் மக்னீசியம் குளோரைடும் இருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமும் குளோரைடும் சேர்ந்து தகரத்தையே அரிக்கத் தொடங்கிவிட்டன. பாடத்தில் படித்ததுதான், கையில் பட்டபிறகே உறைத்தது. நல்ல தண்ணீரில் பொடியை நாலைந்து முறை அலசி, காயவைத்து, மறுபடி பூசினேன்.

உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் என் அப்பா பள்ளிக்கூடம் பார்த்தவர் அல்லர். எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை படற எடத்துல துரு எப்பிடிடா நிக்கும்? மம்முட்டியப் பாரு. வேல நடக்கறப்ப பளபளன்னு இருக்கும். மழ மாசத்துல சும்மா கெடந்தாத்தான் புடிக்கும்."

எங்கள் வீட்டில் மண்வெட்டியில் துரு ஏறினால் உப்பள வேலை நின்றுவிட்டது என்று பொருள். கடையில் கடன் சொல்லும் மாதம். நான் செய்து வைத்திருந்ததும் வேலையிழந்த எஞ்சின்தான் என்று அப்போதுதான் விளங்கிற்று.

முழுவதையும் கழுவினேன். முதலாண்டுச் சுற்றுலாவில் குன்னூரில் நின்று பார்த்துக் குறித்திருந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினேன். புகைபோக்கியின் வாயிலும் அதன் பின்புறத்திலும் மட்டும் விளக்குக்கரி. ஓடும் தண்டுகளில் துரு கூடாது. தையல் மிஷின் எண்ணெயில் கரி கலந்த மினுக்கம். சக்கரங்களில் பிரேக் கட்டை உராய்ந்து படிந்த பழுப்பு. ஏறும் படியும் பிடிக்கும் கம்பியும் தேய்ந்து வெளுத்திருக்க வேண்டும். வால்வுக்கு அடியில் சாக்குத்தூளால் வெள்ளைக்கோடு, ஏனெனில் கசியும் வெந்நீர் ஆவியாகி, கரைந்திருந்த உப்புக்களை விட்டுச் செல்லுகிறது. மாலையில் அப்பாவின் கெண்டைக்காலில் காணும் வெள்ளைக்கோடும் இதே வேதியியல்தான்.

இப்போது சொல்லுங்கள், இதில் எதைத் துடைப்பது? கரியைத் துடைத்தால் நெருப்பு எரிந்ததற்குச் சான்று போயிற்று. வெள்ளைக்கோட்டைத் துடைத்தால் தண்ணீர் கொதித்ததும் போயிற்று. மிஞ்சுவது கடைக்காரன் விற்ற பொம்மை. பளபளப்பே பொய் என்று நான் வாதிடவில்லை. 2021-இல் நம் பொன்மலைப் பணிமனை இதே வகையில் நிலக்கரி எஞ்சின் ஒன்றைப் புதிதாகக் கட்டி வெளியிட்டதே, அந்த நாளைக் காட்ட விரும்புபவர் மினுமினுப்பாகவே செய்யட்டும்.

"அப்படியானால் சோம்பேறி மாணவன் ஒவ்வொருவனும் தன் தூசியைக் கலை என்பானே" என்று பேராசிரியர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: கறை ஒவ்வொன்றையும் சுட்டி 'இது ஏன் இங்கே?' என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவனுக்குச் சுழியம் போடுங்கள். அடுத்த ஆண்டு மதிப்பெண் தாளில் 'தூய்மையும் தோற்றமும்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் போட வேண்டுகிறேன். என் எஞ்சினிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்போது அது எங்கள் வீட்டு மாடத்தில் நிற்கிறது. கடற்காற்றில் தொட்டி விளிம்பில் நான் பூசாத துரு ஒன்று கிளம்பியிருக்கிறது. அப்பா மண்வெட்டிக்கு எண்ணெய் போடும்போது அதற்கும் ஒரு சொட்டு விட்டுத் தேய்க்கிறார்.